மெய் பேசிய படங்கள்



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் சொல்லின் பெருமையைப் பேசினார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ சொல்லே இல்லாத ஒரு கலை. ஊமைப்படக் காலத்தில் சுவரேறிக் குதித்தும், ஓடும் ரயிலின் மேல் ஓடியும், விழுந்தும், எழுந்தும் உலகத்தைச் சிரிக்கவைத்த கலைஞர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமிழ் அவையில் இதற்கு இடம் உண்டா என்று யாரேனும் கேட்டால், தொல்காப்பியர் இடம் கொடுத்திருக்கிறார் என்பேன். மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்த அவர் நகையை முதலில் வைத்தார். நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்றார். அதே எட்டில் அச்சமும் ஒன்று. நான் சொல்லப்போகிறவர்கள் நகையையும் அச்சத்தையும் ஒரே நொடியில் ஒரே உடலில் தோன்றச் செய்தவர்கள்.

மெய் என்ற சொல்லுக்கு நம் மொழியில் உடல் என்றும் பொருள், உண்மை என்றும் பொருள். என் பேச்சு முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள்தான் இருக்கிறது.

முதலில் ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1928இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' என்ற படம். பெரும் புயல் அடிக்கிறது. நடுத்தெருவில் ஒல்லியான ஓர் இளைஞன் திகைத்துப்போய் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் இரண்டு மாடி வீடு. அந்த வீட்டின் முன்சுவர் முழுதும் பெயர்ந்து அப்படியே அவன்மேல் சாய்கிறது. மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவன் நிற்கும் இடத்தில் வந்து இறங்க, சுவர் தரையில் மோதுகிறது. அவன் நின்றபடி நிற்கிறான். அந்தச் சுவர் அட்டையால் ஆனதல்ல. இரண்டு டன் எடை என்று சொல்வார்கள். ஜன்னலுக்கும் அவன் தோளுக்கும் நடுவே சில அங்குலமே இடைவெளி. படத்தில் வெட்டு இல்லை, டூப் இல்லை. நின்றவர் பஸ்டர் கீட்டன்.

இந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வியப்பது சுவர் விழுவதைப் பார்த்தல்ல, அவர் நிற்பதைப் பார்த்து. ஓடுவதும் தாவுவதும் துணிச்சல் என்று நாம் பழகிவிட்டோம். அளந்து குறித்த ஓரிடத்தில், இரண்டு டன் மரம் தலைக்கு மேல் வரும்போது, கண் இமையைக்கூட அசைக்காமல் நிற்பது அதைவிடப் பெரிய துணிச்சல். அன்று ஓரடி நகர்ந்திருந்தால் கீட்டன் இல்லை. அந்த ஓரடி நமக்குத் தெரிந்திருப்பதால்தான் முதலில் மூச்சு நிற்கிறது, பிறகு சிரிப்பு வெடிக்கிறது.

இதற்கு நிகரான ஒன்றை நான் சிறுவயதில் நம் தில்லி கரோல் பாக்கில் பார்த்திருக்கிறேன். அஜ்மல் கான் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் மாலை நேரத்தில் டோலக் சத்தம் கேட்கும். இரண்டு மூங்கில் கவைகளுக்கு நடுவே கயிறு கட்டியிருப்பார்கள். எட்டு வயதுப் பெண் ஒருத்தி தலையில் மூன்று சொம்புகளை அடுக்கிக்கொண்டு கையில் நீண்ட கழியுடன் அந்தக் கயிற்றில் நடப்பாள். நடுக்கயிற்றில் ஒருமுறை வேண்டுமென்றே தள்ளாடுவாள். கூட்டம் "ஐயோ" என்னும். உடனே நிமிர்ந்து சிரிப்பாள், கூட்டமும் சிரிக்கும். என் பாட்டி, "நம்ம ஊர் கழைக்கூத்தாடிதாண்டா இவ, பாஷைதான் வேற" என்று சொல்லி ஐந்து பைசா கொடுத்தாள். அந்தத் தள்ளாட்டம் பொய்த் தள்ளாட்டம். ஆனால் கயிறு மெய்யான கயிறு. கீட்டனின் கலையும் அதுதான். வித்தை என்று தெரியும், ஆபத்தும் மெய் என்று தெரியும்.

கீட்டன் வந்த வழியும் கழைக்கூத்தாடியின் வழியே. 1895இல் கன்சாஸ் மாநிலத்தில், ஊர் ஊராகப் போய் மேடையில் வித்தை காட்டும் குடும்பத்தில் பிறந்தவர். நடக்கப் பழகிய கொஞ்ச நாளிலேயே அப்பா அவரை மேடையில் தூக்கி எறிவார், அவர் விழுந்து எழுவார். சிரித்துக்கொண்டே விழுந்தால் அவை சிரிப்பதில்லை, முகத்தை வைத்தபடி வைத்துக்கொண்டு விழுந்தால்தான் சிரிக்கிறது என்பதை அந்தப் பிள்ளை அங்கேயே கற்றுக்கொண்டது. 1924இல் 'ஷெர்லக் ஜூனியர்' எடுத்தபோது, ரயில் பாதைக்கு மேலே இருந்த தொட்டியின் குழாயிலிருந்து கொட்டிய தண்ணீர் அவரைத் தள்ள, கழுத்து தண்டவாளத்தில் மோதியது. தலைவலியோடு படத்தை முடித்துவிட்டார். கழுத்தெலும்பில் முறிவு ஏற்பட்டிருந்தது என்பது பல ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது. அந்த விழுகை இன்றும் படத்தில் இருக்கிறது. நாம் சிரித்துக்கொண்டு பார்க்கிறோம்.

ஹரால்ட் லாய்டின் கதை வேறு மாதிரி. 1919இல் விளம்பரப் புகைப்படத்துக்காக விளையாட்டு வெடிகுண்டு என்று நினைத்துக் கையில் பிடித்தது உண்மையிலேயே வெடித்தது. வலக்கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. அதை மறைக்கக் கையுறை செய்துகொண்டு நடித்தார். நான்கு ஆண்டு கழித்து, 1923இல், 'ஸேஃப்டி லாஸ்ட்' படத்தில் உயர்ந்த கட்டடத்தின் கடிகார முள்ளில் தொங்குகிறாரே, அந்தக் கையில் இருப்பது மூன்று விரல்தான். அந்தக் காட்சியில் தந்திரம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. நிஜமான கட்டடங்களின் மொட்டைமாடியில் ஒரு சுவரைக் கட்டி, கீழே தெரு தெரியும்படி கேமராவை வைத்தார்கள். சில அடி கீழே மெத்தை போட்ட பரண் இருந்தது. தூரக்காட்சிகளில் ஏறியவர் பில் ஸ்ட்ராதர், கட்டடம் ஏறுவதையே தொழிலாகக் கொண்டவர். ஆனால் அந்தப் பரணில் சோதனைக்காகப் போட்ட பொம்மை துள்ளித் தெருவில் போய் விழுந்ததாக லாய்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கயிற்றுக்குக் கீழே வலை இருந்தாலும் கயிறு கயிறுதான்.

இவையெல்லாம் தூர தேசத்துச் சங்கதி அல்ல. அன்று இந்தியாவில் திரையிட்ட படங்களில் பெரும்பகுதி அமெரிக்கப் படங்கள். அவை இங்கே எப்படி ரசிக்கப்பட்டன என்பதற்கு அரசாங்கமே ஒரு சாட்சியம் எடுத்து வைத்திருக்கிறது. அதை எடுத்தவர் ஒரு தமிழர். எடுக்கச் சொன்னது இந்தத் தில்லி.

1927 ஜனவரியில்தான் நாம் இன்று பழைய நாடாளுமன்றம் என்று சொல்லும் வட்டக் கட்டடம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய அரசு திரைப்பட விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். சென்னை வழக்கறிஞர், மத்திய சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். அமெரிக்கப் படங்கள் இந்தியர் கண்ணில் வெள்ளையர் மதிப்பைக் குறைக்கின்றன, ஆகவே பிரிட்டிஷ் படங்களுக்கு இங்கே சலுகை வேண்டும் என்ற எண்ணம் அந்தக் குழுவுக்குப் பின்னால் இருந்தது. ரங்காச்சாரியார் அதற்கு ஆடவில்லை. லாகூர், பெஷாவர், கல்கத்தா, சென்னை, ரங்கூன் என்று சுற்றி 353 சாட்சிகளை விசாரித்தார். பேரரசுச் சலுகை வேண்டியதில்லை, இந்தியப் படத் தொழிலுக்குத்தான் உதவி வேண்டும் என்று 1928இல் அறிக்கை கொடுத்தார். அரசு அதைக் கிடப்பில் போட்டது.

அந்த அறிக்கை டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸின் 'தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்துக்கு இங்கே இருந்த பெரும் வரவேற்பைச் சொல்கிறது. சாப்ளினும் லாய்டும் நம் மக்களிடம் பெற்றிருந்த செல்வாக்கையும் பதிவு செய்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத கூட்டம், ஆங்கில எழுத்து அட்டைகளைப் படிக்க முடியாத கூட்டம், மொழி தெரியாத நாட்டின் கோமாளிகளைத் தன் ஆள் என்று ஏற்றுக்கொண்டது. ஆர்மோனியமும் தபலாவும் வாசிக்க, திரையருகே ஒருவர் கதை சொல்ல, நம் கொட்டகைகளில் படம் ஓடியது. மாரியம்மன் கோயில் திடலில் கழைக்கூத்துப் பார்த்த கண்களுக்கு லாய்டு புதியவராகத் தோன்றியிருக்க மாட்டார். அந்தக் குழு கேள்விகள் அனுப்பியவர்களில் காந்தியடிகளும் ஒருவர். தாம் சினிமாவே பார்த்ததில்லை என்று பதில் எழுதினார். நான்கு ஆண்டுக்குள், 1931 செப்டம்பரில், லண்டனில் சாப்ளின் அவரைத் தேடி வந்து சந்தித்தார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நம்மவர் யாரும் இந்தக் கலையில் இறங்கவில்லையா? இறங்கினார்கள். புதுக்கோட்டையில் பிறந்த நாகலிங்கம் உடற்பயிற்சியால் உடலைக் கடைந்தெடுத்தவர். உலகப் புகழ் பெற்ற பயில்வான் யூஜின் சாண்டோவின் பெயரைச் சேர்த்துக்கொண்டு ராஜா சாண்டோ ஆனார். பம்பாய் போய் ஊமைப்படங்களில் பீமனாகவும் வீரனாகவும் நடித்து அகில இந்திய நட்சத்திரமானார். பேசாத படத்தில் தமிழன் என்ற தடை அவருக்கு இல்லை, அவருடைய தோள்களுக்கு மொழி கிடையாது. பிறகு சென்னை திரும்பி 'பேதைப் பெண்', 'அநாதைப் பெண்' முதலிய ஊமைப்படங்களை இயக்கினார். பேசும்படம் வந்தபின் 1935இல் 'மேனகா'வை இயக்கினார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் தொடக்ககாலப் படம் அது. ஊமைப்படத்தின் வீர உடலும் தமிழ்த் திரையின் நகைச்சுவை உடலும் சந்தித்த இடம் என்று அதைச் சொல்லலாம்.

ராஜா சாண்டோவின் ஊமைப்படங்களை இன்று நாம் பார்க்க முடியாது. இந்தியாவில் எடுத்த ஊமைப்படங்கள் ஆயிரத்துக்கு மேல். எஞ்சியவை, துண்டுகளையும் சேர்த்து எண்ணினாலும், மிகச் சில. தென்னிந்தியாவில் எடுத்ததில் நமக்குக் கிடைத்திருப்பது 1933இன் 'மார்த்தாண்ட வர்மா'. அதுவும் பதிப்புரிமை வழக்கில் பறிமுதலானதால்தான் பிழைத்தது. ஓடியிருந்தால் தேய்ந்து போயிருக்கும். புனேயில் 1964இல் தோன்றிய தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தைக் கட்டிய பி.கே. நாயர் தேடிச் சேர்த்திருக்காவிட்டால் இந்தச் சிலவும் இல்லை. எஞ்சியதில் 1931இல் காளிபத தாஸ் எடுத்து நடித்த 'ஜமாய் பாபு' என்ற வங்க நகைச்சுவைப் படம் ஒன்று. கல்கத்தாவுக்கு வந்த கிராமத்து மாப்பிள்ளை படும் பாடு. சாப்ளின் நிழல் அதன்மேல் விழுந்திருக்கிறது. ஆனால் அவன் முழிக்கும் முழி நம்மூர் முழி.

படங்கள் அழிந்தாலும் கலை எங்கே போயிற்று என்று தேடினால், என் கண் ஒரு மனிதரிடம் போய் நிற்கிறது. சிங்கீதம் சீனிவாச ராவ். 'மாயா பஜார்' எடுத்த கே.வி. ரெட்டியிடம் தொழில் கற்றவர். 1987இல் பேச்சே இல்லாத ஒரு படத்தை எடுத்தார். கன்னடத்தில் 'புஷ்பக விமானா', தமிழில் 'பேசும் படம்'. வேலையில்லாத இளைஞனாகக் கமல்ஹாசன். ஆரவாரமான லாட்ஜில் வாழ்ந்தவன் நட்சத்திர ஹோட்டலின் அமைதியில் தூக்கம் வராமல், பழைய இடத்துச் சத்தத்தை டேப்பில் பதிவு செய்து கொண்டுவந்து போட்டுக்கொண்டு தூங்குவான். டினு ஆனந்த் பனிக்கட்டியில் கத்தி செய்துகொண்டு கொல்ல வருவார், கத்தி உருகிக்கொண்டிருக்கும். வசனம் எழுதி இந்த இரண்டையும் சொல்ல முடியாது. பொருளும் உடலுமே சொல்ல வேண்டும். அந்தப் படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. கடைசியில் அமலா விட்டெறியும் ரோஜாவோடு சுற்றிய காகிதம் காற்றில் பறந்து சாக்கடைக்குப் போகிறதே, அந்த இடத்தில் ஒரு சொல் போட்டிருந்தாலும் படம் கெட்டிருக்கும்.

1990இல் அதே சிங்கீதம் 'மைக்கேல் மதன காமராஜ'னில் ஒரு வீட்டையே மலை விளிம்பில் ஊசலாட வைத்தார். ஆள்கள் இந்தப் பக்கம் ஓடினால் வீடு இந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் ஓடினால் அந்தப் பக்கம். 1925இல் சாப்ளின் 'கோல்ட் ரஷ்' படத்தில் செய்த குடிசையின் பேரன் அது. நம் வீட்டுப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் புரண்ட அந்தக் காட்சியில் கிரேசி மோகனின் வசனம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு எடைக்கணக்கும் இருந்தது.

ஆனால் என்னைப் பொறுத்தவரை அவருடைய உச்சம் 1994இன் 'மகளிர் மட்டும்'. அதில் நாகேஷ் பிணமாக நடித்தார். வசனம் இல்லை, கண் திறப்பதில்லை, கை அசைவதில்லை. மூன்று பெண்கள் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு அலைகிறார்கள். தலை ஒருபக்கம் சாய்கிறது, உடல் சரிகிறது, தூக்கி நிமிர்த்துகிறார்கள். 'சர்வர் சுந்தர'த்தில் ஓடியாடி நம்மைக் கவர்ந்த உடல், தருமியாக வளைந்து நெளிந்து புலம்பிய உடல், முப்பது ஆண்டு கழித்து ஒரு தசையையும் அசைக்காமல் அரங்கத்தை அதிரவைத்தது. செத்தவன் சரிவதற்கும் தூங்குபவன் சரிவதற்கும் உள்ள வேறுபாட்டை உயிருள்ள ஓர் உடல் காட்ட வேண்டும். தள்ளும்போது உடம்பு தானாக விறைக்கும், விழும்போது கை தானாக ஊன்றப் போகும். அந்த இயல்பை அடக்குவதுதான் அங்கே சாகசம். சாயும் சுவருக்குக் கீழே நின்ற கீட்டனுக்குப் பக்கத்தில் நான் நாகேஷை உட்கார வைக்கிறேன். இதை மிகைப் புகழ்ச்சியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், நிதானமாக யோசித்துத்தான் சொல்கிறேன்.

  

இந்தக் கலைக்கு நம் தில்லி என்ன செய்திருக்கிறது? 2017ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 30ஆம் தேதி கன்னாட் பிளேஸின் ரீகல் திரையரங்கு மூடப்பட்டது. 1932இல் திறந்த அரங்கு. கடைசி நாளில் ஓடியவை ராஜ் கபூரின் 'மேரா நாம் ஜோக்கர்', 'சங்கம்'. சாப்ளினின் நாடோடியை இந்தியத் தெருவுக்கு அழைத்து வந்தவரின் சர்க்கஸ் கோமாளியோடு அந்தத் திரை அணைந்தது. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் ஷாதிப்பூர் டெப்போ அருகே இருந்த கட்புத்லி காலனி இடிக்கப்பட்டது. பொம்மலாட்டக்காரர்கள், மந்திர வித்தைக்காரர்கள், கயிற்றில் நடப்பவர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த இடம். பல குடும்பங்கள் ஆனந்த் பர்பத் தற்காலிகக் குடியிருப்புக்குப் போயின. என் சிறுவயதில் கயிற்றில் நடந்த பெண் அந்தக் காலனியில் இருந்து வந்தவளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் புல்டோசர் படத்தைச் செய்தித்தாளில் பார்த்த அன்று அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

நல்லதும் நடந்திருக்கிறது. அதே 2017இல்தான் தேசியத் திரைப்பட விருதுகளில் சண்டைப் பயிற்சிக்கு முதன்முறையாக விருது அறிவித்தார்கள். 'புலிமுருகன்' படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் பெற்றார். ஹாலிவுட்டின் ஆஸ்கர் இந்தக் கலைக்கு விருது தருவதாக 2025இல்தான் அறிவித்தது, அதுவும் 2027இல் வரும் படங்களிலிருந்து. இந்த ஒன்றில் நாம் முந்திக்கொண்டோம்.

இந்தப் படங்களைப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. நான் படித்த பள்ளியில் ஒருமுறை சாப்ளின் படம் போட்டார்கள். எல்லோரும் எறும்பு போல விறுவிறுவென்று ஓடினார்கள். பழைய படம் என்றால் இப்படித்தான் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது படத்தின் குற்றமல்ல. அன்று கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்குப் பதினாறு, பதினெட்டு, இருபது படச்சட்டம் என்று வேகம் மாறும். அதைப் பேசும்படத்துக்கான 24 சட்ட வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் பொம்மையாகிவிடுகிறார்கள். துரத்தும் காட்சிகளைக் கலைஞர்களே வேண்டுமென்று சற்று மெதுவாகச் சுற்றி வேகமாக்கியதும் உண்டு. அவர்கள் வைத்த வேகம் வேறு, நாம் ஏற்றிய வேகம் வேறு. பின்னாளில் தொலைக்காட்சியில் பார்த்தபோது இன்னொரு கொடுமை. சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுத்ததில் தலையும் பாதமும் வெட்டுப்பட்டிருந்தன. பரதநாட்டியத்தை முழங்காலுக்கு மேலே மட்டும் காட்டினால் நாம் பொறுப்போமா? கீட்டன் முழு உடலையும், அதைச் சுற்றியுள்ள இடத்தையும் ஒரே சட்டத்தில் வைத்து, வெட்டாமல் காட்டினார். இது மெய்யாக நடந்தது என்று நமக்குக் கொடுத்த வாக்கு அது. பாதத்தை வெட்டினால் அந்த வாக்கையே வெட்டுகிறோம்.

இன்று கணினியில் எதையும் செய்யலாம். நாயகன் பத்து மாடியிலிருந்து குதிக்கிறான், என் பேரன் பார்த்துக்கொண்டே பிஸ்கட் தின்கிறான். அவனுக்கு அச்சமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சென்ற தீபாவளிக்கு அவனுக்கு 'ஸேஃப்டி லாஸ்ட்' போட்டுக் காட்டினேன். கடிகார முள் சரிந்தபோது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். முடிந்ததும், "தாத்தா, அவர் நிஜமாகவே ஏறினாரா?" என்று கேட்டான். பரணைப் பற்றியும் மெத்தையைப் பற்றியும் மூன்று விரலைப் பற்றியும் சொன்னேன். மறுபடி போடச் சொன்னான்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் நாட்டுச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை அறுபது ஆண்டுகள். நான் இன்று சொன்ன 1920களின் படங்கள் எல்லாம் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டன. பின்னாளில் சேர்த்த இசைக்கு மட்டும் உரிமை இருக்கலாம். அந்த இசை நமக்கு வேண்டாம். இந்த ஊரில் மிருதங்கமும் கடமும் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். ஊமைப்படத்துக்கு நேரில் வாசிப்பதுதான் அன்றைய வழக்கமும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு ஏழு பள்ளிகள் இருக்கின்றன. ஏதேனும் ஒரு பள்ளியில், ஒரு சனிக்கிழமை, சரியான வேகத்தில், பாதம் முதல் தலை வரை தெரியும்படி ஒரு படம் போடுங்கள். ஆனந்த் பர்பத்திலிருந்து ஒரு கயிற்று வித்தைக் குடும்பத்தையும் உரிய சம்பளம் கொடுத்து அழையுங்கள். 'ஷெர்லக் ஜூனியர்' முழுப்படமே நாற்பத்தைந்து நிமிடம்தான், ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும்.